இடைவெளி விட்டுப் பாடியவள்

எங்கள் கல்லூரி வானொலியில் இப்போது பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அனிதா, போன மாதம் ஒரு மத்தியானம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து வரும் அழைப்பெல்லாம் ஒரே தினுசுதான். ஏதாவது பாஸ்வேர்டு வேலை செய்யாது, இல்லையென்றால் அலமாரிச் சாவியைக் காணோம். அன்றைக்கு வேறு விஷயம்.

"மேடம், பாட்டு ஏத்துற தளத்துல ஒண்ணு வந்திருக்கு. நடுவுல நடுவுல பாட்டே இல்ல. சிஸ்டம் கெட்டுப்போன ஃபைலுன்னு சொல்லுது. அழிச்சிரட்டுமா?"

"யாரு அனுப்புனது?"

"முத்துச்செல்வின்னு போட்டிருக்கு. ஊரு வண்ணார்பேட்டை."

"அத மட்டும் அழிச்சேன்னா நான் அங்கன வந்து வாசல்ல உக்காந்துக்கிடுவேன், பாத்துக்கோ!"

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்ததில் எனக்குக் காது மந்தம். நான் பேசுவது கத்துவதுபோல் இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'டொக் டொக்' என்று தட்டும் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா. நான் சத்தம் போட்டால் தட்டுவாள், ரேடியோவைக் கூட்டி வைத்தால் தட்டுவாள். எங்களுக்குள் அந்த அளவுக்குத்தான் பழக்கம்.

குரலைத் தணித்துக்கொண்டு கேட்டேன். "பாட்டை முழுசாக் கேட்டியா?"

"எங்க மேடம் நேரம்? ஒரு நாளைக்கு எவ்வளவு வருது தெரியுமா? சிஸ்டமே பிரிச்சு அடுக்கிருது."

"மொதல்ல ஒக்காந்து கடைசி வரைக்கும் கேளு. பொறவு எனக்குப் போன் பண்ணு."

சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "மேடம், இதுக்குப் பின்னால ஏதோ கதை இருக்கு. நம்ம ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களேன்," என்றாள். அந்தக் கதையோடு என் உத்தியோகக் கதையையும் சேர்த்துத்தான் எழுத முடியும். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நான் வானொலிக்கு வேலைக்கு வந்தவள் அல்ல. கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். வளாகத்தில் சமுதாய வானொலி தொடங்க அனுமதி கிடைத்ததும், "புத்தகத்தை அடுக்கத் தெரிஞ்சவளுக்குப் பாட்டை அடுக்கத் தெரியாதா?" என்று என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். மதுரைக்கு அனுப்பிச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கற்றுக்கொண்டதில் பாதி நான் திரும்பி வருவதற்குள் பழசாகிவிட்டது. மீதியைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் நிலைய இயக்குநர். அரசு வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எங்களிடம் வந்து சேர்ந்தவர். அருணாசலம் என்று பேர். கல்லூரி முதல்வர் வரைக்கும் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அண்ணாச்சிக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, எந்தப் பாட்டையும் யாராவது ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை காதால் கேட்காமல் ஒலிபரப்பக் கூடாது. நடுவில் ஓட்டிவிட்டுக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். "ரெண்டாவது சரணத்துல ஒரு தப்லா தப்பா விழுதே, கவனிச்சியா?" என்று சும்மாவே கேட்பார். அப்படி எதுவும் இருக்காது. கேட்டவளுக்குத்தான் இருக்காது என்று சொல்லத் தெரியும்.

இரண்டாவது, ஒலிபரப்பில் மௌனம் இருக்கவே கூடாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கச் சற்றுத் தாமதமானாலும் அவரால் தாங்க முடியாது. பஸ்ஸிலும் கடையிலும் நடந்து வரும்போதும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றைக் காதோரம் வைத்துக்கொண்டே இருப்பார். மாணவ அறிவிப்பாளர்கள் பேச வேண்டிய தாளைத் தேடித் தடுமாறினால் அடுத்த கணம் நிலையத்துப் போன் அடிக்கும். "என்னம்மா, உள்ள எல்லாரும் செத்துப்போயிட்டியளா?" இதுதான் அவர் வணக்கம் சொல்லும் முறை. பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. மனைவி போனபிறகு அவர் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருந்தார். சத்தம் நின்றுபோனால் அந்த வீடு அவரை என்ன செய்திருக்கும் என்று நானும் தனியாக இருக்க வந்த பிறகுதான் யோசிக்கிறேன்.

எங்களுக்குப் புதுப் பாட்டு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டுக்குக் கட்டணம் கட்ட எங்களிடம் வசதியில்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள், சின்னக் குழுக்கள், கோயில் கொடைத் திருவிழாவில் பாடுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், இவர்கள் கொண்டுவந்து கொடுப்பதுதான் எங்களுக்குப் புதுசு. ஆரம்பத்தில் ஆளே வருவார்கள். வள்ளியூரிலிருந்து ஒருத்தர் பஸ்ஸைப் பிடித்து சி.டி.யோடு வருவார். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து பாதயாத்திரைப் பாட்டு பாடும் குழுவே வேனில் வந்து இறங்கும். ஏரலிலிருந்து ஒருவர் சி.டி.யோடு ஒரு வாழைத்தாரும் கொண்டுவந்தார். அண்ணாச்சி தாரை மாணவர்களுக்குப் பங்குவைத்துக் கொடுத்தார். பாட்டைக் கேட்டுவிட்டு, "பழம் நல்லா இருந்துச்சு வே," என்று சொல்லி சி.டி.யைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை நல்ல பாட்டோடு வந்தார், வாழைத்தார் இல்லாமல்.

பிறகு பென்டிரைவ் வந்தது. பாட்டோடு வைரஸும் வந்து எங்கள் கணினியைப் படுக்கவைத்தது. அதன்பிறகு மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பினார்கள். நாங்கள் திறப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். கடைசியாகத் தளம் வந்தது. பாடுகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டை ஏற்றிவிடலாம். எங்கள் மாதிரிக் கல்லூரி வானொலிகள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் உள்ளே நுழைந்து இறக்கிக்கொள்ளலாம். பாட்டின் பேர், மொழி, நீளம், எழுதியவர், ஒலிபரப்ப அனுமதி உண்டு என்ற ஒரு டிக், எல்லாம் வரிசையாக இருக்கும். எந்த நிலையம் இறக்கிக்கொண்டது என்று பாடியவருக்கும் தெரியும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். அசாமில் ஒரு பையன் பாடியதை அன்றைக்கே பாளையங்கோட்டையில் ஒலிபரப்பினோம்.

ஆனால் ஆள் வருவது நின்றது. வாசலில் செருப்புச் சத்தம் இல்லை. "அக்கா, பாட்டு எப்படி இருக்கு?" என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க யாரும் இல்லை. ஒலி புகாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் பாட்டை ஒன்று முடிய ஒன்று கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் காலையில் வந்ததிலிருந்து சாயங்காலம் கிளம்பும்வரை என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்காது. இத்தனை பேர் காதுக்குள் வந்து பாடுகிறார்கள், ஒருத்தரிடமும் பேச முடியாது. அது மாதிரித் தனிமையை நூலகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில்தான் வாட்ச்மேனும் வந்தான். வாட்ச்மேன் என்பது ஆள் இல்லை, ஒரு மென்பொருள். ஒலிபரப்பில் சில விநாடிக்கு மேல் சத்தம் இல்லாவிட்டால் ஏதோ பழுது என்று முடிவுகட்டி, தானாகவே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். பிள்ளைகள் அதற்கு வைத்த பேர்தான் வாட்ச்மேன். அண்ணாச்சிக்கு அதைவிடப் பிடித்த ஊழியர் எங்கள் நிலையத்தில் யாரும் இல்லை. "நீங்க எல்லாரும் தூங்குனாலும் இவன் தூங்க மாட்டான்," என்று கணினியைத் தட்டிக்கொடுப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் முத்துச்செல்வியின் பாட்டு தளத்தில் வந்தது. இசைக்கருவி எதுவும் இல்லை. ஒரு பெண் குரல் மட்டும். மெட்டு நான் அதுவரை கேட்டிராததாக இருந்தது.

*பொழுது விடியலே, பனி இன்னும் வெலகலே,*
*எட்டாம் நம்பர் இசக்கியம்மா எங்கன இருக்கே?*

இந்த இடத்தில் பாட்டு நின்றுவிடும். ஒன்றுமே கேட்காது. நான் கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து நிறுத்தப் போனபோது மறுபடியும் குரல் வந்தது. அடுத்த வரி, அடுத்த பேர், அடுத்த இடைவெளி. குருசம்மா, வேலுக்கண்ணு, கடைசி லயத்துப் பேச்சி. பாட்டு முடியும்வரை இப்படியே போனது. யாரோ யாரையோ கூப்பிட்டுவிட்டுக் காத்து நிற்கிறார்கள் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று அப்போது தெரியவில்லை. பெண்கள் நிகழ்ச்சியில் சேர்க்கலாம் என்று எழுதி அனுப்பினேன். தேர்வானால் பாடியவருக்கு ஒலிபரப்பு நேரம் தளம் வழியாகவே போய்விடும்.

ஒலிபரப்பான அன்றைக்கு முதல் வரி போனது, இரண்டாவது வரி போனது, "இசக்கியம்மா எங்கன இருக்கே?" என்று குரல் கேட்டது. இடைவெளி வந்தது. வாட்ச்மேன் விழித்துக்கொண்டான். அடுத்த விநாடி யாரோ ஒரு கல்லூரிக் குழுவின் டிரம்ஸ் சத்தம் கிளம்பியது. பாட்டுக்கு நடுவில் அவன் இப்படி நுழைவான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதுவரை யாரும் பாட்டுக்குள் மௌனம் வைத்து அனுப்பியதில்லை.

மறுநாள் ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் வாசலில் ஒரு செருப்புச் சத்தம். முப்பது வயது இருக்கும். வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் சீருடைச் சேலை. சாப்பாட்டு இடைவேளையில் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"டீச்சர், நான்தான் முத்துச்செல்வி. பாட்டை ஏன் வெட்டுனிய?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கடை முதலாளியிடம் கெஞ்சி, கடை ஒலிபெருக்கியிலேயே எங்கள் வானொலியைப் போடவைத்திருக்கிறாள். கூட வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு நின்று கேட்டிருக்கிறார்கள். ரெண்டு வரியில் டிரம்ஸ் வந்துவிட்டது. "கடை அண்ணாச்சி கேக்காரு டீச்சர், 'இவ்வளவுதானாட்டி ஒம் பாட்டு?'ன்னு. எனக்கு எங்க மூஞ்ச வைக்கன்னே தெரியலை."

சத்தம் கேட்டு இயக்குநர் அண்ணாச்சி அவர் அறையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். குரலை உயர்த்தாமல், ஆனால் முடிவாகச் சொன்னார்.

"மெஷின் செஞ்சதுதாம்மா சரி. சத்தம் இல்லாத எடத்துல ரேடியோ இல்ல. கேக்கவன் நெலையத்த மாத்திட்டுப் போயிருவான். ஒண்ணு செய்வோம். அந்த எடத்துல எல்லாம் ஒரு வயலினப் போட்டுருவோம். இல்லன்னா நம்ம பிள்ளைய நாலு பேர விட்டு 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லச் சொல்லுவோம். நல்லாத்தான் இருக்கும்."

"அது ஆள்மாறாட்டம் சார்," என்றாள் செல்வி.

அண்ணாச்சி திகைத்துவிட்டார்.

அப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள், விவரம் சொன்னாள். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். அங்கே வேலை இல்லாமல் போய், சனங்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்கள். பாளையங்கோட்டையைச் சுற்றி, அம்பாசமுத்திரம் பக்கம், களக்காடு பக்கம் என்று ஆளுக்கொரு திசை. எஸ்டேட்டில் காலையில் மஸ்டர் உண்டு, வேலைக்கு வந்த ஆளைக் கணக்கெடுப்பது. கங்காணி எந்த வீடு, எந்த லயம் என்று சொல்லி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பனி இறங்கியிருக்கும்போது பக்கத்தில் நிற்கிற ஆளின் முகம்கூடத் தெரியாது. நின்ற இடத்திலிருந்து 'இருக்கேன்' என்று சத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"போன் நம்பர் எல்லாம் பாதிப் பேருக்கு இருக்கு சார். பண்ணினா 'நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்'னு முடிஞ்சிருது. மஸ்டர் அப்பிடி இல்ல. கூப்பிட்டா சத்தமாச் சொல்லணும். அவங்க அவங்க சொல்லணும். ஒருத்தருக்காவ இன்னொருத்தர் சொன்னா கங்காணி ரெண்டு பேருக்கும் வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிருவாரு. அதான் எடம் விட்டுப் பாடிருக்கேன். ரேடியோவுல பேரு வந்தா எங்கன இருந்தாலும் சொல்லுவாங்க. ஒருத்தராச்சும் சொன்னாங்கன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். யாராவது ஒருத்தர் பதில் சொன்னார்கள் என்று தெரிய வேண்டும். பாட்டுக்காரர்கள் எங்களிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். மறுஒலிபரப்பு கேட்பார்கள், பேட்டி கேட்பார்கள், சான்றிதழ்கூடக் கேட்பார்கள். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை.

அண்ணாச்சி என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். அவருடைய முதல் பிடிவாதப்படி, கடைசிவரை கேட்டார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மேசையின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருப்பார். இடைவெளி வரும்போதெல்லாம் புருவம் நெரிந்தது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலேயே கேட்டார்.

"எங்கன வச்சுப் பதிவு பண்ணின?"

"வீட்டுல சார். அடுப்பங்கரையில. போன்லதான்."

"அடுப்பங்கரையில ஃபேன் இல்லையா?"

"இருக்கு சார், கடகடன்னு ஓடும்."

"அந்தச் சத்தம் எங்க? உன் தெருவுல பஸ் போவாதா? நாய் கொலைக்காதா? பாட்ட நிறுத்திட்டு நீ மூச்சு விடலையா? இதுல ஒண்ணையும் காணோமே."

செல்வி விழித்தாள். தளத்தில் பாட்டை ஏற்றும்போது ஒரு பட்டன் வந்ததாம். 'தெளிவான ஒலிக்கு' என்று போட்டிருந்ததாம். நல்லதுதானே என்று அமுக்கியிருக்கிறாள். "அது எல்லாத்தையும் அழிச்சிட்டு போல சார்."

"அதான!" அண்ணாச்சிக்கு முகமே மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "சிவகாமி, நான் மௌனம்னு நெனச்சு சண்டை போட்டேன். இது மௌனமே இல்ல. வெறும் ஒண்ணுமில்லாதது. ஆளு காத்துக்கிட்டு நின்னா அந்த எடம் கேக்கணும்லா? அழிக்காதத வச்சிருக்கியாம்மா?"

போனில் இருந்தது. நான் கேபிளைத் தேடப் போனேன், அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எதுவாக இருந்தாலும் தளம் வழியாகத்தான் வர வேண்டும், அதில்தான் அனுமதி டிக் இருக்கிறது. முறை முறைதான். எங்கள் கட்டடத்துக்குள் சிக்னல் சரியாக இருக்காது. செல்வி ஜன்னலுக்கு வெளியே போனைப் பிடித்த கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மூன்று அடி தள்ளி என் கணினியில் அந்தப் பாட்டு வந்து விழ வேண்டும். அது எந்த ஊருக்குப் போய் எங்கே சுற்றிவிட்டு வந்ததோ, நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்ததும் அண்ணாச்சி மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். அவர் கேட்டபின் நான் கேட்டேன்.

வேறு பாட்டு மாதிரி இருந்தது. "இசக்கியம்மா எங்கன இருக்கே?" என்று கேட்டு நின்றதும் ஃபேன் ஓடியது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஒரு பாத்திரத்தை யாரோ நகர்த்தினார்கள். நடுவில் ஒரு மூச்சு, உள்ளே இழுத்து அப்படியே நிறுத்திய மூச்சு. பதில் வந்துவிடுமோ என்று நானே கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

அதை மறுபடியும் ஒலிபரப்பிய அன்றைக்கு அண்ணாச்சி மாணவர்களை எழுப்பிவிட்டுத் தானே கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். இந்தச் சத்தத்துக்கு வாட்ச்மேன் விழிக்காமல்கூட இருந்திருப்பான். ஆனாலும் அவனை நம்ப அவருக்கு மனசு வரவில்லை. தன் கையாலேயே நிறுத்திவைத்தார். டிரான்சிஸ்டரை மேசைமேல் வைத்து மெதுவாக ஓடவிட்டார். முதல் இடைவெளி வந்தபோது அவர் கை தானாக அடுத்த பாட்டின் பொத்தானுக்குப் போனது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த இடைவெளிக்கும் அப்படித்தான். பாட்டு முடிவதற்குள் அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது.

பாட்டு முடிந்தபின் நேயர் தொலைபேசி அடிக்கும் என்று காத்திருந்தோம். அடிக்கவில்லை. அண்ணாச்சி ஒருமுறை ரிசீவரை எடுத்து உயிரோடிருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் என் செல்போன்தான் அடித்தது, அதுவும் செல்வி.

"வெட்டாமப் போட்டிய டீச்சர், ரொம்ப நன்றி. யாராச்சும் பதில் சொன்னாங்களா?"

"எங்களுக்குத் தெரியாதும்மா. இங்கனருந்து போறதுதான் நமக்குத் தெரியும். அங்கன யாரு என்ன சொன்னாங்கன்னு இங்க கேக்காது."

"சரி டீச்சர்," என்று வைத்துவிட்டாள்.

அந்தச் 'சரி' என்னை விட்டுப் போகவே இல்லை. இங்கே கேட்காது என்று நான் சொன்னது அவளுக்கு மட்டும் சொன்ன பதில் இல்லை, என் உத்தியோகத்துக்கே சொன்ன பதில் என்று பிறகு தோன்றியது. இத்தனை வருஷம் யார் கேட்டார்கள், கேட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? தளத்தில் செல்வியின் பாட்டுக்கு நேரே இறக்கிக்கொண்ட நிலையம் ஒன்று என்று காட்டியது. அந்த ஒன்று நாங்கள்தான்.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அண்ணாச்சி அதற்குமுன்பே வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார், அங்கேயே காலமானார். செய்தி வந்த அன்று அந்த டிரான்சிஸ்டரை யாராவது அணைத்திருப்பார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டைக்குத் தெற்கே புதிதாக வந்திருக்கும் குடியிருப்பில், ஒரே சுவரை நடுவில் வைத்துக் கட்டிய இரட்டை வீட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மற்றதில் ஒரு அம்மாவும் மகனும். மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். அந்த அம்மா வெளியே வருவதே இல்லை. கொடியில் துணி காயப்போடும் கையைப் பார்த்திருக்கிறேன். இருமல் கேட்கும், குக்கர் கேட்கும், அவ்வளவுதான். பேசலாம் என்று தோன்றிய நாட்களில் எல்லாம் சுவரில் 'டொக் டொக்' விழும். எனக்கும் ரோசம் உண்டே. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஓய்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பகல் மூன்று மணி என்று சொல்வேன். எந்த வேலையும் இல்லாத, யாரும் கூப்பிடாத பகல் மூன்று மணி.

அனிதா, நீ செல்வியின் புதுப் பாட்டை ஒலிபரப்பிய அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

வாட்ச்மேனை நிறுத்திவிட்டதாக நீ முன்கூட்டியே சொல்லியிருந்தாய். நான் ரேடியோவை மேசையில் வைத்து, தட்டினால் தட்டட்டும் என்று முழுச் சத்தமாக வைத்தேன். பழைய மெட்டுத்தான், வரிகள் புதுசு.

*ஊரு மாறியாச்சு, பஸ்ஸு நம்பர் பழகியாச்சு,*
*கடைசி லயத்துப் பேச்சிக்கு வீடு எந்தத் தெரு?*

ஃபேன் சத்தம் ஓடியது. பட்டனை அவள் அமுக்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். தட்டு விழவில்லை. அடுத்தது வேலுக்கண்ணு. ஃபேன், ஒரு ஹாரன். அப்போதும் தட்டு விழவில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

*கைத்தழும்பு ஆறியாச்சு, கூடை தூர எறிஞ்சாச்சு,*
*எட்டாம் நம்பர் இசக்கியம்மா எங்கன இருக்கே?*

"இருக்கேன்!"

என் மந்தக் காதுக்கே கேட்டது. ரேடியோவிலிருந்து இல்லை, சுவரிலிருந்து. வீட்டுக்குள் யாரும் அப்படிச் சத்தம் போட மாட்டார்கள். பள்ளத்தாக்கைத் தாண்டி ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று போடுகிற சத்தம்.

செருப்புப் போடாமல் வெளியே ஓடிப்போய் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். முதல்முறையாக நான் தட்டுகிறேன். கதவைத் திறந்த அம்மாவின் கையெல்லாம் அரைத்த மாவு. என்னைப் பார்த்ததும் கூசிப்போய்விட்டாள்.

"சத்தம் போட்டுட்டேன் டீச்சரம்மா, தப்பா எடுத்துக்கிடாதிய. யாரோ நம்ம பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. வாய் தன்னால சொல்லிட்டு."

"கூப்பிடத்தான் செஞ்சாங்க. நீங்கதான் எட்டாம் நம்பர் இசக்கியம்மாவா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "கீழ எறங்கின பொறவு யாரும் அப்பிடிச் சொன்னதில்ல. இங்கன நான் ஆட்டோக்காரன் அம்மா."

அவசரத்தில் செல்வியின் எண் இரண்டுமுறை தவறிப்போனது. மூன்றாவது முறை எடுத்தாள். கடை இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்க டீச்சர். பாட்டு போவுதா? வெட்டாமப் போவுதா?"

"போவுது. யாராச்சும் பதில் சொன்னாங்களான்னு அன்னைக்குக் கேட்டல்லா?"

நான் போனை இசக்கியம்மாவின் மாவுக் கையில் வைத்தேன். "செல்விதான். இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன்.

அவள் போனைக் காதில் வைக்கவில்லை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சரிவில் நிற்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி, "ஏட்டி செல்வி, இருக்கேன்!" என்று சத்தம் கொடுத்தாள். என் வீட்டு ரேடியோவில் செல்வியின் குரல் அடுத்த பேரைக் கூப்பிட்டு முடித்திருந்தது. அவள் சட்டென்று என்னை ஒதுக்கிவிட்டு வாசலுக்கு வந்து, அந்தப் பேருக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்று தெருவைப் பார்த்து நின்றாள். நானும் கூட நின்றேன்.